சாதாரணக் கவனிப்பு

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
11 பிப்ரவரி 1935

அன்புள்ள பவுனு,

போன மாதம் கிள்ளான் ஸ்டேஷனில் உன்னைப் பார்த்தபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நீதான் வந்து, "ஃபயர்மேன் மகளை மறந்துட்டியா டாக்டரம்மா?" என்று கையைப் பிடித்தாய். பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளர்ந்தவர்கள் நாம். உன் அப்பா இறந்து நீ பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும், நான் மதராசுக்கு வைத்தியம் படிக்கக் கப்பல் ஏறியதும் ஒரே வருடத்தில்தான். அதன் பிறகு நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. இப்போது எழுதுவதும் வேலையாகத்தான். கோபித்துக்கொள்ளாதே.

ஸ்டேஷனில் சொன்ன மரப்பெட்டி வியாழக்கிழமை லோரியில் வரும். செந்தூல் தச்சர் செய்தது. அடித்தட்டில் நான்கு வெந்நீர்ப் பாட்டில்கள், மேல்தட்டில் குழந்தை, மூடியில் கண்ணாடி. பாட்டில்களை ஒவ்வொன்றாக மாற்று. நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சூடு ஏறி இறங்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு ராத்தல் எடைக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையை ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். "இது நிற்காது" என்று அம்மாவிடம் சொல்லிவிடுவார்கள். சில நின்றன. எது நிற்கும், ஏன் நிற்கும், நின்றபின் எப்படி வளரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதத்தான் மருத்துவக் குழு எனக்கு இரண்டு வருடம் அனுமதித்திருக்கிறது. மூன்று தோட்ட ஆஸ்பத்திரிகளில் செய்கிறேன். நீ மருத்துவச்சியாக, தோட்டத்து 'மிஸி'யாக, இருக்கும் ஆஸ்பத்திரி நான்கு தோட்டங்களுக்குப் பொதுவானது என்பதால் அது முக்கியம்.

விதி ஒன்றுதான். குறைமாதத்தில் பிறக்கும் முதல் குழந்தை பெட்டியில். இரண்டாவது சாதாரணக் கவனிப்பில், அதாவது இதுவரை நீங்கள் செய்துவந்தபடியே. மூன்றாவது பெட்டியில். இப்படியே ஒன்று விட்டு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. எடை, சூடு, பால், பிறகு மாதாமாதம் தலை நின்றதா, சிரித்ததா, உட்கார்ந்ததா, நடந்ததா என்று எழுத வேண்டும்.

உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

புஷ்பவல்லி

*

சுங்கை தெராத்தாய் தோட்டம், கிள்ளான்
24 மார்ச் 1935

டாக்டரம்மாவுக்கு,

பெட்டி வந்தது. பார்க்கப் பெண் வீட்டுச் சீர் மாதிரி இருக்கிறது. பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் தேதி முதல் குழந்தை பிறந்தது. ஆண், மூன்று ராத்தல் பத்து அவுன்ஸ். பெட்டியில் வைத்தேன். நீ சொன்னபடி பாட்டில்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். கறந்த பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் மூச்சு நின்றுவிட்டது. கார்டு இதோடு இருக்கிறது.

பத்தொன்பதாம் தேதி இரண்டாவது. மாரியாயி என்று ஒரு பெண், ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவள், இதற்குமுன் இரண்டை இழந்தவள். இப்போது பெண் குழந்தை, எட்டு வாரம் முந்திப் பிறந்தது, மூன்று ராத்தல் இரண்டு அவுன்ஸ். உன் விதிப்படி இது சாதாரணக் கவனிப்பு. பஞ்சில் சுற்றித் தொட்டிலில் வைத்திருக்கிறேன்.

ஆனால் பெட்டி காலியாக இருக்கிறது, புஷ்பா. தொட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாரியாயி படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று கேட்டாள், "அந்தப் பொட்டி எம் புள்ளைக்குக் கெடையாதா மிஸி?"

நான், "டாக்டரம்மா சொல்லணும்" என்றேன். உன் தலையில் கட்டிவிட்டேன். நீ சொல். தந்தி அடித்தாலும் சரி.

பவுனம்மாள்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
26 மார்ச் 1935

அன்புள்ள பவுனு,

பெட்டியில் வைக்காதே.

இதை எழுத எனக்குச் சுலபமாக இருக்கிறது என்று நினைக்காதே. ஆனால் யோசித்துப் பார். அந்த முதல் பையன் இறந்தது பெட்டிக்குள்தான். பெட்டி நல்லது என்று உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஒருவேளை பெட்டியின் சூடே அவனைக் கொன்றிருக்கலாம். தெரியாத ஒன்றை மாரியாயிக்கு மறுக்கிறோம், அவ்வளவுதான். மனசுக்குப் பட்டபடி ஒவ்வொரு குழந்தையையும் மாற்றி மாற்றி வைத்தால் பத்து வருடம் கழித்தும் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இன்னும் ஆயிரம் குழந்தைகள் ஓரமாக வைக்கப்படும்.

ஒன்று விட்டு ஒன்று. தயவுசெய்து இதை மாற்றாதே.

புஷ்பா

*

சுங்கை தெராத்தாய் தோட்டம்
6 அக்டோபர் 1935

டாக்டரம்மாவுக்கு,

கார்டுகள் பதினொன்று வரை அனுப்பியிருக்கிறேன். பெட்டிக் குழந்தைகள் ஆறு, சாதாரணம் ஐந்து. மழை பிடித்துவிட்டது. விறகு ஈரமாக இருப்பதால் வெந்நீர் வைப்பதே பெரிய பாடு. மருந்து கட்டும் டிரெஸ்ஸர் எடைக்கருவியைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவதால் சில நாள் எடை விட்டுப்போகிறது. அங்கே கோடு போட்டிருக்கிறேன். இட்டுக்கட்டி எழுதவில்லை.

மாரியாயியின் பெண் உயிரோடு இருக்கிறாள். ரமணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனபோது அங்கே ஒரே சண்டை. மாரியாயியின் நாத்தனார் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏழு மாசமாகப் போவுது, இன்னும் உக்காரல. மந்தம் புடிச்ச புள்ளய எதுக்குப் பொத்திப் பொத்தி வளக்கிறே?"

மாரியாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கார்டின் பின்பக்கத்தில் நீ அச்சடித்திருப்பதைச் சொன்னேன். வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

"இது வர வேண்டியது எப்ப? வைகாசியில. வைகாசியிலேருந்து எண்ணு."

நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். ஆனி, ஆடி, ஆவணி என்று போய்ப் புரட்டாசியில் நின்றாள். "அஞ்சு மாசங்கூட நெறையலியே" என்றாள்.

"அஞ்சு மாசம் நெறையாத புள்ள ஒங்க வீட்டுல எது உக்காந்துச்சு?"

அவள் உள்ளே போய்விட்டாள். மாரியாயி முறத்தை வைத்துவிட்டு, அவளும் ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். உன் படிப்பில் எனக்குப் பிடித்தது இந்த ஒரு வரிதான். இதை மட்டும் எல்லா லயத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பவுனு

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
16 ஜனவரி 1936

அன்புள்ள பவுனு,

பொங்கல் அன்றும் நான் கார்டுகளோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலில் மருத்துவக் குழுவின் முன் அறிக்கை வைக்க வேண்டும். மூன்று ஆஸ்பத்திரிகளின் கணக்கையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன்.

மற்ற இரண்டு இடங்களிலும் சாதாரணக் கவனிப்பில் பதினேழு குழந்தைகள். பத்து இறந்துவிட்டன. உன்னிடம் சாதாரணக் கவனிப்பில் ஏழு. இறந்தது ஒன்றே ஒன்று. உன் பெட்டியில் ஏழு, இறந்தது இரண்டு. அதாவது, பெட்டியைவிடச் சாதாரணக் கவனிப்பே மேல் என்று உன் கார்டுகள் சொல்கின்றன.

உங்கள் ஊர்த் தண்ணீரா, மலேரியா குறைவா, தாய்மாருக்குச் சாப்பாடு நன்றாகக் கிடைக்கிறதா என்று எல்லாம் யோசித்துவிட்டேன். எதுவும் பொருந்தவில்லை. எடைக்கருவி சரிதானா என்று ஒரு ராத்தல் சர்க்கரை வைத்துப் பார்.

தைப்பூசத்துக்கு உங்கள் தோட்டத்துக் கூட்டம் பத்துமலைக்கு வருமே, அதோடு வா. உட்கார்ந்து பேசலாம். கடிதத்தில் கேட்க முடியாதது ஒன்று மனசில் இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கார்டில் எழுதியிருப்பதெல்லாம் நடந்ததுதானா?

புஷ்பா

*

சுங்கை தெராத்தாய் தோட்டம்
9 பிப்ரவரி 1936

புஷ்பா,

தைப்பூசத்துக்கு நான் வரவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். பயந்துகொண்டுதான் வரவில்லை.

கார்டில் எழுதியிருப்பதெல்லாம் நடந்தது இல்லை.

போன மார்ச்சில் உன் பதில் வந்த அன்று நல்ல மழை. நாலு மணி இருக்கும். மாரியாயியின் குழந்தைக்கு அக்குளில் தொண்ணூற்று மூன்று டிகிரிதான் இருந்தது. உதடு நீலம். அழக்கூடத் தெம்பில்லை. நான் உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டவில்லை. "பெட்டி கிடையாதாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கையை நீட்டினாள்.

"பொட்டி வேணாம் மிஸி. எங்கிட்ட குடுங்க. வயித்துல வச்சிருந்தவ, நெஞ்சுல வச்சிக்க மாட்டேனா?"

ரவிக்கையை அவிழ்த்துவிட்டு, பஞ்சையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, வெறும் உடம்பாகக் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பழைய புடவை ஒன்றைக் கிழித்து இருவரையும் சேர்த்து நான் கட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து அக்குளில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. மறுநாள் காலையில் தொண்ணூற்றேழு. அப்படியே நின்றது. குழந்தை தானே முகத்தைத் தேய்த்துக்கொண்டு பாலைத் தேடியது.

நீ பெட்டியில் வைக்காதே என்றாய். நான் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆறு 'சாதாரண'க் குழந்தைகளையும் அதேபோல் கட்டினேன். கார்டில் 'சாதாரணக் கவனிப்பு' என்று எழுதினேன்.

இன்னொன்றும் உண்டு. பிரசவம் ஆகி ஒரு மாதத்தில் இங்கே பெண்கள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கங்காணி வருவான். ஒரு மாதத்தில் இந்தக் குழந்தைகளை இறக்கி வைக்க முடியாது. அதனால் தாய்மார்களை ஆஸ்பத்திரி நோட்டில் 'காய்ச்சல்' என்று எழுதினேன். ஏழு பேருக்கும். ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை.

சாதாரணக் கவனிப்பு என்றால் என்ன என்று உனக்குக் கார்டில் தெரியும். நான் பதினொரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏழு தடவை பார்க்க என்னால் முடியவில்லை.

பவுனு

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
13 பிப்ரவரி 1936

திருமதி பவுனம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

தாங்கள் செய்தது எனக்குப் புரிகிறது. எழுதியதுதான் புரியவில்லை. கட்டியதைக் கட்டினேன் என்று எழுதியிருக்கலாம். அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம். பதினொரு மாதமாகப் பொய்யான கார்டுகளை என் மேசைக்கு அனுப்பி, அவற்றின்மேல் என்னைக் கணக்குப் போட வைத்தீர்கள். இப்போது தங்கள் கார்டுகளில் எதை நம்புவது? எடையையா, சூட்டையா, அந்த ஒரு மரணத்தையா? பொய் எழுதிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற இரண்டையும் குழு நம்பாது.

இனிக் கார்டுகள் அனுப்ப வேண்டாம். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடவும்.

டாக்டர் வி. புஷ்பவல்லி

*

சுங்கை தெராத்தாய் தோட்டம்
2 மார்ச் 1936

டாக்டர் அவர்களுக்கு,

பெட்டியை லோரியில் ஏற்றிவிட்டேன். ஒரு பாட்டில் உடைந்துவிட்டது, மற்ற மூன்றும் உள்ளே இருக்கின்றன.

அவற்றோடு துணியில் சுற்றி ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறேன். கார்டில் பொய் எழுதிய கை, சும்மா இருக்கவும் முடியாமல், அன்றன்று நடந்ததை அதில் எழுதி வைத்தது. எதற்காக எழுதினேன் என்று தெரியாது. உனக்குக் காட்டும் எண்ணம் இருக்கவில்லை. ஏழு குழந்தைகளுக்கும் காலை, மாலை சூடு இருக்கிறது. எந்த நாள் கட்டினேன், எந்த நாள் இறக்கினேன், யார் நடுவில் அவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போனார்கள், எல்லாம் இருக்கிறது. ஆகஸ்ட்டில் கூரை ஒழுகி நாலு பக்கம் நனைந்துவிட்டது. நனைந்ததை மறுபடி நினைவிலிருந்து எழுதவில்லை.

கார்டில் எழுதிய எடையும் மரணமும் நிஜம். அந்த மரணம், பூங்கொடி என்ற பெண்ணின் குழந்தை. பன்னிரண்டாம் நாள் தாயின் நெஞ்சிலேயே போய்விட்டது. கட்டியதால் எல்லாம் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெட்டிக் குழந்தைகளின் சூட்டையும் அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான் வேறு ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டால் பாட்டில் ஆறிவிடும். தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கும், திரும்பி வந்து மாற்றினால் நூறுக்கு ஏறும். பாட்டில் ஆறியது. மாரியாயி ஆறவில்லை.

படிக்க வேண்டாம் என்றால் எரித்துவிடு.

பவுனம்மாள்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
19 ஏப்ரல் 1936

பவுனு,

நோட்டு வந்து மூன்று நாள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் படித்தேன். பிறகு ஒரு வாரம் அதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். மாரியாயியின் குழந்தையினுடைய சூட்டை நாற்பத்தொரு நாளுக்குக் கட்டத்தாளில் கோடாக வரைந்தேன். முதல் நாள் மட்டும் கீழே கிடக்கிறது. பிறகு மேசையின் விளிம்பு மாதிரி நேராகப் போகிறது. பெட்டிக் குழந்தைகளின் கோடு, சிறுபிள்ளை கிறுக்கியது போல ஏறி இறங்குகிறது. நானே வடிவமைத்த பெட்டி.

புதன்கிழமை குழுவின் முன் நின்றேன். உன் ஆஸ்பத்திரிக் கார்டுகளை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைத்திருந்தால் பெட்டி வென்றிருக்கும். ஐந்து மரணம், எதிரே பத்து. கைதட்டியிருப்பார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்வரை அப்படிச் செய்யலாமா என்று யோசித்தேன். உன்னைப் பொய் எழுதியவள் என்று சொன்னவள் நான், மறந்துவிடாதே. அதனால் அப்படிச் செய்ய முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சாதாரணக் கவனிப்பு பதினேழு, பெட்டி இருபத்துநான்கு, தாயின் நெஞ்சு ஏழு என்று மூன்றாகப் பிரித்து வைத்தேன். கார்டில் ஒன்றும் நோட்டில் ஒன்றும் ஏன் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

ஏழு குழந்தைகள் எதையும் நிரூபிக்காது என்றார் ஒருவர். அவர் சொன்னது சரி. இன்னொருவர், "இப்படி இழுத்துப் பிடித்து வைத்த குழந்தைகள் பின்னால் மந்தபுத்தியாகத்தானே வளரும்?" என்று கேட்டார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணி ஆறு மாதம் நிறைந்த பத்தொன்பது குழந்தைகளைப் பார்த்திருக்கிறோம். பதினாறு பேர் அந்த வயதில் செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள். உன் லயத்து நாத்தனாரின் கேள்வியையே அவர் கோட்டு போட்டுக்கொண்டு கேட்டார். அவரும் விரல் விட்டு எண்ணினார்.

தலைவர் கடைசியில், பொய்ப் பதிவு கலந்த ஆய்வுக்கு மேற்கொண்டு ஒத்துழைப்பு தர முடியாது என்றார். என் இரண்டு வருடம் அத்தோடு முடிந்தது. மருத்துவச்சியின் பெயர் கேட்டார்கள். "உத்தரவு என்னுடையது. ஒரு தாய் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசிக்காமல் உத்தரவு போட்டவளும் நான்தான்" என்றேன். ஆனால் ஆஸ்பத்திரியின் பெயர் கார்டிலேயே இருக்கிறது. உங்கள் துரைக்குக் கடிதம் போகும். தடுக்க முடியவில்லை. முன்கூட்டியே உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை இன்றே எழுதுகிறேன்.

போன வருடம் மார்ச்சில் நீ கேட்டதற்கு நான் எழுதிய பதில் தவறில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் சாதாரணக் கவனிப்பைப் பற்றித் தெரியும். உன்னைப் போலவே எனக்கும் தெரியும். அதைத் தெரியாத மாதிரி எழுதிவிட்டேன்.

புஷ்பா

*

சுங்கை தெராத்தாய் தோட்டம்
10 மே 1936

புஷ்பா,

நீ சொன்ன கடிதம் துரைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி ஜெயராஜ் ஆஸ்பத்திரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். துரைக்குத் தமிழ் நன்றாக வரும், லயத்துத் தமிழ்.

"இந்த ஏழு பொம்பளைங்களுக்கும் காய்ச்ச இருந்துச்சா?"

"இல்ல தொரை."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"எழுதலேன்னா பெரட்டுக்கு வரணும். வந்தா புள்ளைங்க குளுந்து போயிடும் தொரை."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நோட்டை இரண்டு பக்கம் புரட்டினார். "நீ சொல்றது நெசமா இருக்கலாம். ஆனா பொய் எழுதற மிஸிய நான் வச்சிக்க முடியாது. நாளைக்கு நெசமாவே காய்ச்ச வந்தா யாரை நம்புறது?" என்றார். இந்த மாதக் கடைசியோடு வேலை முடிந்தது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீயும் அதையேதான் சொன்னாய். இரண்டு பேருமே என்னை வேலையை விட்டு அனுப்பினீர்கள், இரண்டு பேருமே மரியாதையாக அனுப்பினீர்கள்.

வெளியே வந்தபோது கிராணி பின்னாலேயே வந்தார். "மிஸி, என் சம்சாரத்துக்கு ஆறாம் மாசம். கால் வீங்கியிருக்கு" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. போய்ப் பார்த்தேன். உப்பைக் குறைக்கச் சொல்லி, கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு இப்போதே அழைத்துப் போகச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் ரப்பர் விலை விழுந்த வருடம் ஊருக்குக் கப்பல் ஏறிப் போனவர், பிறகு கடிதம் இல்லை. பிள்ளையும் இல்லை. கிளம்புவது சுலபம்தான், எங்கே என்றுதான் தெரியவில்லை. தகவல் கேள்விப்பட்டு மாரியாயி வந்திருந்தாள். ரமணி என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு விட்டுவிட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். வைகாசியிலிருந்து எண்ணினால் ஒரு வயது. எழுதிக்கொள். இனி அதை எழுதும் கார்டு இல்லை என்றாலும் எழுதிக்கொள்.

பவுனு

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
16 மே 1936

அன்புள்ள பவுனு,

இங்கே வா.

நான் வாரம் மூன்று நாள் பார்க்கும் பிள்ளைப்பேறு நிலையத்தில் பின்பக்கம் ஒரு நீண்ட அறை சும்மா கிடக்கிறது. நிலையத்தை நடத்தும் அம்மாக்களிடம் பேசினேன். குறைமாதக் குழந்தைகளுக்கென்று அதை விடச் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு மிஸி வைத்துக்கொள்ளலாம். குழுவின் தயவு வேண்டியதில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

உன்னைத் 'தாங்கள்' என்று எழுதிய கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

புஷ்பா

*

சுங்கை தெராத்தாய் தோட்டம்
24 மே 1936

புஷ்பா,

கிழிக்கவில்லை. வைத்திருக்கிறேன். அதில் இருந்தது சரிதானே.

உன்னை நம்பி வர ஆசைதான். இரண்டு நிபந்தனை.

உங்கள் நிலையத்தில் குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு சாயங்காலம் மணி அடித்து அம்மாவை வெளியே அனுப்புவீர்கள் என்று கேள்வி. அந்த அறையில் அது கூடாது. குழந்தைக்குத் தொட்டில் போடுமுன் அம்மாவுக்குக் கட்டில் போடு. நெஞ்சில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாய்ந்து படுக்கிற மாதிரி, தலைப்பக்கம் உயரமாக.

இரண்டாவது, நீ மறுபடி ஒன்று விட்டு ஒன்று என்று விதி போடுவாய். போடாமல் உனக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்று எனக்கும் இப்போது புரிகிறது. போடு. ஆனால் தாயின் முகத்தைப் பார்த்து வாய்விட்டுப் படித்துக் காட்ட முடியாத விதி எதையும் எழுதாதே. அப்படிப்பட்ட விதி என் கைக்கு வந்தால் நான் மறுபடியும் பொய்தான் எழுதுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

மாதக் கடைசிக்குப் பிறகு மாரியாயியின் லயத்தில் இருப்பேன். சரி என்றால் பதில் எழுது. இல்லை என்றாலும் எழுது.

பவுனு

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
18 ஜூன் 1936

அன்புள்ள பவுனு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கட்டில்கள். ஆறு கட்டில். தலைப்பக்கத்தை உயர்த்தவும் இறக்கவும் தச்சர் பல் வைத்துத் தந்திருக்கிறார். நிலையத்து மேட்ரனுக்கு இதில் சம்மதம் இல்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். மணியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

புதிய விதி இது. ஒரு குழந்தை பெட்டியில், அடுத்தது தாயின் நெஞ்சில். ஓரத்தில் வைக்கப்படும் குழந்தை கிடையாது. பெட்டிக் குழந்தையின் அம்மாவும் பக்கத்திலேயே இருப்பாள். இரண்டில் எது மேல் என்று எனக்குத் தெரியாது. நீ நோட்டில் எழுதியதை நம்புகிறேன். ஆனாலும் தெரியாது.

உனக்காகக் காத்திருந்து ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். குழந்தை காத்திருக்கவில்லை. இன்று மதியம் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் சின்னையாவின் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பையன், மூன்று ராத்தல் ஆறு அவுன்ஸ். முதல் குழந்தை என்பதால் சீட்டு எடுத்துப் பார்த்ததில் நெஞ்சு என்று வந்தது. நீ சொன்னபடி அவள் முகத்தைப் பார்த்து விதியைப் படித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவள் முழுவதும் கேட்டாள்.

"எத்தனை நாளைக்கு டாக்டரம்மா இப்படி வச்சிருக்கணும்?"

"தெரியலைம்மா."

"ஒங்களுக்கேவா?"

"எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இதெல்லாம்."

பன்னிரண்டு வருட வைத்தியத்தில் ஒரு நோயாளியிடம் நான் இதைச் சொன்னது இதுவே முதல் தடவை. எழுந்து போய்விடுவாளோ என்று பார்த்தேன். அவள் போகவில்லை.

"அப்ப நல்லாப் பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ரவிக்கைக் கொக்கியை அவிழ்த்தாள்.

நாலு மணியிலிருந்து குழந்தை அவள் நெஞ்சில் இருக்கிறது. கட்டு சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் கட்டினால் நழுவுகிறது. மூன்று தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டேன். சூடு இப்போது தொண்ணூற்றாறு.

இது கைக்குக் கிடைத்ததும் அடுத்த ரயிலிலேயே ஏறிவிடு. ஸ்டேஷனுக்கு நான் வர முடியாது, இவளை விட்டு நகர முடியவில்லை. பெட்டி படுக்கையை அங்கேயே போர்ட்டரிடம் விட்டுவிட்டு நீ மட்டும் நேரே நடந்து வா.

புஷ்பா